ஒஹாயோ ஸ்டேட் எத்தனை ஆட்டம் வெல்லும்? பந்தயம் கட்டுமுன் போட வேண்டிய கணக்கு

(ஆகஸ்ட் 2025-இல் எழுதியது. கடைசியில் இரண்டு பிற்சேர்க்கைகள் உண்டு.)

கடந்த ஜனவரி 20 இரவு, அட்லாண்டாவில் நோட்ர டேமை 34-23 என்று வீழ்த்தி, ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் தேசிய சாம்பியன் ஆனது. அணியின் ஊரான கொலம்பஸில் எங்கள் தெருவில் அந்தக் குளிரிலும் கார் ஹாரன் சத்தம் அடங்கவில்லை. நான் சோபாவில் இருந்தபடியே பந்தயச் செயலியைத் திறந்தேன். முந்தைய ஆகஸ்டில் "10.5 வெற்றிக்கு மேல்", அதாவது பருவத்தில் 11 ஆட்டமாவது வெல்வார்கள் என்று 50 டாலர் கட்டியிருந்தேன். அணி 14 ஆட்டங்களில் வென்றிருக்கிறது, பிறகென்ன?

சீட்டில் "தோல்வி" என்று இருந்தது. அதுவும் நவம்பர் 30-ஆம் தேதியே தீர்ந்துபோன சீட்டு. ஏழு வாரமாக நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த 50 டாலரில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். டச்டவுன் என்றால் என்ன என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒஹாயோவில் விளையாட்டுப் பந்தயம் 2023 ஜனவரி 1 முதல் சட்டப்படி செல்லும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்துக்குத் தடை இருக்கிறது. அங்கிருந்து படிப்பவர்கள் கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள், அதுவே நல்ல பொழுதுபோக்கு.

படி 1: எந்த ஆட்டங்கள் சேர்த்தி?

"பருவ வெற்றிகள்" என்ற பந்தயத்தில் வழக்கமான பருவத்தின் 12 ஆட்டங்கள் மட்டுமே கணக்கு. ஒஹாயோ ஸ்டேட் ஆடும் பிக் டென் லீக்கின் இறுதி ஆட்டம் சேராது, அதன் பிறகு தேசியப் பட்டத்துக்காக நடக்கும் ப்ளேஆஃப் சேராது. 2024-இல் அந்த 12-இல் ஒஹாயோ ஸ்டேட் வென்றது 10. ஆரெகனிடம் 32-31, மிச்சிகனிடம் 13-10 என்று இரண்டு தோல்வி. பிறகு ப்ளேஆஃபில் வென்ற நான்கும் என் சீட்டுக்கு ஒட்டவே ஒட்டாது. விதிமுறைப் பக்கத்தில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது. படிக்காதது நான்தான்.

படி 2: யார் போனார்கள், யார் இருக்கிறார்கள்

சாம்பியன் என்ற பெயரைப் பார்த்துக் கட்டாதீர்கள்; பட்டம் வென்ற ஆட்கள் இப்போது அங்கே இல்லை. தொழில்முறை லீக்கான என்எஃப்எல், கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்டில் இந்த ஒரே அணியிலிருந்து 14 பேர் போனார்கள். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் வில் ஹாவர்ட் போய்விட்டார். தடுப்பு வரிசையில் 11 பேரில் 8 பேர் இல்லை. தாக்குதலை வகுத்த சிப் கெல்லி என்எஃப்எல் போனார். தடுப்பை வகுத்த ஜிம் நோல்ஸ் போனது பென் ஸ்டேட்டுக்கு; நவம்பரில் அவரை எதிர்த்தே ஆட வேண்டும். அந்த இடத்துக்கு மேட் பட்ரீஷியா வந்திருக்கிறார். தாக்குதல் பொறுப்பு பிரையன் ஹார்ட்லைனுக்கு.

இருப்பவர்களில் இருவர் போதும் பயமுறுத்த: தாக்குதலில் பந்து பிடிக்கும் ஜெரமையா ஸ்மித், தடுப்பில் கேலப் டௌன்ஸ். குவார்ட்டர்பேக் ஜூலியன் சேயின்தான் என்று திங்கட்கிழமை அறிவித்துவிட்டார்கள். கல்லூரி ஆட்டம் ஒன்றைக்கூட அவர் இன்னும் தொடங்கி ஆடியதில்லை.

இதற்குத் தடித்த முன்னோட்ட இதழ்கள் கடையில் கிடைக்கும். எனக்குப் பொடி எழுத்தில் கண் வலிக்கிறது. பில் கானலி வெளியிடும் எஸ்பி பிளஸ் தரவரிசை எனக்குப் போதும். திரும்பி வரும் ஆட்டக்காரர்களின் பங்கு, சேர்த்த மாணவர்களின் தரம், அண்மைக்கால ஆட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்து அவர் ஒரே எண்ணாகத் தருகிறார். தொலைக்காட்சி நிபுணர்களின் "இந்த ஆண்டு இவர்கள் பசியோடு இருக்கிறார்கள்" வகைப் பேச்சுக்கு என் தாளில் கட்டம் கிடையாது.

படி 3: தாளைத் திறங்கள்

கூகுள் ஷீட்ஸ் போதும். 12 வரி, எதிரணி, இடம், வெல்லும் வாய்ப்பு என்று மூன்று பத்தி. நோட்டில் எழுதுபவர்கள் படி 4-இல் அழுவீர்கள்.

படி 4: டிக் போடாதீர்கள்

நான் விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகவே போகலாம். 2024-இல் நான் செய்தது இது: அட்டவணையை எடுத்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிரே யார் வெல்வார்கள் என்று டிக் போட்டேன். 11 டிக் விழுந்தது. 10.5-ஐவிட 11 பெரிது, கட்டிவிட்டேன்.

டிக் என்பது 55 சதவீதத்தையும் 99 சதவீதத்தையும் ஒன்றாக்கிவிடும். ஒரு பஸ் நேரத்துக்கு வர நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு இருக்கிறது என்பதால், பன்னிரண்டு நாளும் நேரத்துக்கு வரும் என்று நம்பி யாராவது வீட்டிலிருந்து கிளம்புவார்களா? டிக்குக்குப் பதில் வாய்ப்பை எழுதுங்கள். ஓர் அணி எத்தனை புள்ளி முன்னிலையில் வெல்லும் என்று பந்தயச் சந்தை கணிப்பதுதான் ஸ்பிரெட். அது தெரிந்தால் என் கைக்கணக்கு இது: 3 புள்ளி முன்னிலை என்றால் சுமார் 58 சதவீதம், 7 என்றால் 70, 14 என்றால் 85, 21 என்றால் 94. ஸ்பிரெட் இன்னும் வராத ஆட்டங்களுக்கு இரு அணிகளின் எஸ்பி பிளஸ் எண்களைக் கழித்து, சொந்த மைதானம் என்றால் இரண்டரைப் புள்ளி கூட்டுங்கள்.

என் தாள் இதோ:

டெக்சஸ் (கொலம்பஸில்): 55
கிராம்பிளிங் (கொலம்பஸில்): 99
ஒஹாயோ பல்கலைக்கழகம் (கொலம்பஸில்): 98
வாஷிங்டன் (வெளியே): 78
மினசோட்டா (கொலம்பஸில்): 94
இல்லினாய் (வெளியே): 76
விஸ்கான்சின் (வெளியே): 87
பென் ஸ்டேட் (கொலம்பஸில்): 58
பர்டியூ (வெளியே): 96
யூசிஎல்ஏ (கொலம்பஸில்): 95
ரட்கர்ஸ் (கொலம்பஸில்): 95
மிச்சிகன் (வெளியே): 62

ஒன்றுகூட 50-க்குக் கீழே இல்லை. டிக் போட்டால் 12-0. எண்களைக் கூட்டி நூறால் வகுத்தால் 9.93. இரண்டுக்கும் நடுவே இரண்டு வெற்றிகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடைவெளியில்தான் 2024-இல் என் 50 டாலர் போனது.

மிச்சிகனுக்கு 62 கொடுத்ததற்குக் கொலம்பஸில் என்னைத் துரோகி என்பார்கள். 2024-இல் சொந்த மைதானத்தில், ஒரு லட்சம் பேர் முன்னால், சுமார் 20 புள்ளி முன்னிலை கொடுக்கப்பட்ட ஆட்டத்தில் தோற்றவர்கள் இவர்கள். பயிற்சியாளர் ரையன் டே மிச்சிகனுக்கு எதிராக வென்றது ஒன்று, தோற்றது நான்கு. 62-ஏ தாராளம்.

கூட்டுத்தொகையோடு நிற்கவும் கூடாது. நமக்கு வேண்டியது 11 அல்லது 12 வெற்றி வர எவ்வளவு வாய்ப்பு என்பது. முதலில் 12-0: பன்னிரண்டு வாய்ப்புகளையும் தசமமாக மாற்றிப் பெருக்குங்கள்; எனக்கு 8 சதவீதம் வந்தது. அடுத்து 11-1: ஒவ்வோர் ஆட்டத்திலும் தோற்கும் வாய்ப்பை வெல்லும் வாய்ப்பால் வகுத்து, பன்னிரண்டையும் கூட்டுங்கள். எனக்கு 3.14 வந்தது. அதை அந்த 8 சதவீதத்தால் பெருக்கினால் சுமார் 25. இரண்டும் சேர்ந்து 33. அதாவது 10.5-ஐத் தாண்ட மூன்றில் ஒரு வாய்ப்பு.

படி 5: விலை

மைனஸ் 110 என்றால் 100 டாலர் வெல்ல 110 கட்ட வேண்டும். 110-ஐ 210-ஆல் வகுத்தால் 52.4. உங்கள் வாய்ப்பு அதற்கு மேல் இருந்தால்தான் கட்டலாம். மைனஸ் 140 என்றால் 140-ஐ 240-ஆல் வகுக்க வேண்டும், 58.3. என் தாளில் "10.5-க்குக் கீழ்" 67 சதவீதம். எந்த விலையிலும் நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சந்தை ஏறக்குறையப் பாதிக்குப் பாதி என்று சொல்லும்போது உங்கள் தாள் 67 என்று சொன்னால், நீங்கள் மேதை என்பதைவிட எங்கோ தப்பு செய்திருக்கிறீர்கள் என்பதற்கே வாய்ப்பு அதிகம். நான் என் எண்ணையும் சந்தையின் எண்ணையும் கூட்டிப் பாதியாக்கிக்கொள்கிறேன். அதன் பிறகும் லாபம் தெரிந்தால் மட்டும் கட்டுவேன்.

படி 6: எவ்வளவு

இந்தப் பணம் ஆகஸ்டிலிருந்து நவம்பர் இறுதிவரை முடங்கிக் கிடக்கும். மளிகைக் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள். நான் கீழ்ப் பக்கம் 20 டாலர் கட்டியிருக்கிறேன். வேறு எதுவும் இல்லை.

ஜெரமையா ஸ்மித் ஓர் ஆட்டத்தில் எத்தனை கஜம் எடுப்பார் என்ற பந்தயத்தைத் தேடி நான் ஒரு மாலை முழுவதும் செயலியைத் துழாவியிருக்கிறேன். தேடாதீர்கள். கல்லூரி ஆட்டக்காரர்களின் தனிப்பட்ட எண்கள் மீதான பந்தயத்தை ஒஹாயோ 2024 மார்ச்சிலேயே தடை செய்துவிட்டது. நல்ல காரியம் என்பது என் கருத்து. இருபது வயதுப் பையன்கள் ஒரு பந்தைத் தவறவிட்டதற்கு, பணம் போனவர்கள் வந்து திட்டும் கொடுமை குறையும்.

பிற்சேர்க்கை, செப்டம்பர் 2025

டெக்சஸை 14-7 என்று வென்ற பிறகு ஒரு வாசகர் கேட்டார்: "உங்கள் பன்னிரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துப் பெருக்கியிருக்கிறீர்கள். அணி நீங்கள் நினைத்ததைவிட நன்றாக இருந்தால் பன்னிரண்டும் ஒரே பக்கம் தப்பாகுமே?"

சரியான அடி. சேயின் ஆடுவாரா, பட்ரீஷியாவின் தடுப்பு நிற்குமா என்ற ஒரே சந்தேகத்தைத்தான் நான் பன்னிரண்டு வரியிலும் எழுதி வைத்திருந்தேன். வழி இது: தாளில் இரண்டு பத்தி கூட்டுங்கள். டெக்சஸ், வாஷிங்டன், இல்லினாய், பென் ஸ்டேட், மிச்சிகன் ஆகிய ஐந்து கடினமான ஆட்டங்களுக்கும் ஒரு பத்தியில் 12 ஏற்றுங்கள். இன்னொன்றில் 12 இறக்குங்கள். நல்ல ஆண்டில் 11 அல்லது அதற்கு மேல் வர 55 சதவீதம், மோசமான ஆண்டில் 17. சராசரி 36. 33 என்றிருந்தது 36 ஆனது, பெரிய வேறுபாடு இல்லைதான். ஆனால் 12-0 வாய்ப்பு 8-இலிருந்து 11-ஆக ஏறுகிறது. "தோல்வியே இல்லாத பருவம்" என்று தனியாகக் கட்டுபவர்களுக்கு அது பெரிய வேறுபாடு.

பிற்சேர்க்கை, டிசம்பர் 2025

கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன். 12-0. நவம்பர் 22 அன்று ரட்கர்ஸை 42-9 என்று வென்றபோதே பதினோராவது வெற்றி வந்துவிட்டது. மிச்சிகன் வரை காத்திருக்கும் மரியாதைகூட என் சீட்டுக்குக் கிடைக்கவில்லை. எட்டுப் பேர் போன அந்தத் தடுப்பு வரிசை 12 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது மொத்தம் 93 புள்ளி. பென் ஸ்டேட்டுக்கு எதிரே நான் 58 என்று எழுதிய கதையும் பாருங்கள்: பருவத்துக்கு முன் இரண்டாம் இடத்தில் இருந்த அணி, அக்டோபரிலேயே பயிற்சியாளரை நீக்கிவிட்டு, கொலம்பஸுக்கு வந்து 38-14 என்று தோற்றுப் போனது.

தாளை நான் மாற்றப்போவதில்லை. ஆறு பருவமாவது ஓட்டிப் பார்த்தால்தான் அது சரியா தப்பா என்று தெரியும்.

என் அலுவலக நண்பர் ஒருவர் இருக்கிறார். ஆகஸ்டில் என் மேசையருகே நின்று, பேனாவால் பன்னிரண்டு டிக் போட்டு, "10.5-க்கு மேல்" என்று கட்டியவர். நவம்பர் இறுதியில் பணத்தை வாங்கிக்கொண்டார். டிசம்பர் 6 இரவு, இண்டியானாபோலிஸில் நடந்த பிக் டென் இறுதியில் இண்டியானாவிடம் 13-10 என்று அணி தோற்ற ஐந்தாவது நிமிடம் அவரிடமிருந்து ஃபோன். குரலில் பதற்றம்.

"இந்தத் தோல்வி கணக்கில் சேருமா? பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்களா?"

படி 1-ஐப் படிக்கச் சொல்லி வைத்துவிட்டேன்.