டப்பாவில் வந்த ரிமோட் விமானம்: பறக்கவிடும் முன் பார்க்க வேண்டியவை

ஏ.ஆர்.எஃப். (ஆல்மோஸ்ட் ரெடி டு ஃப்ளை) என்று விற்கும் ரிமோட் விமானங்களில் உடலையும் இறக்கையையும் தொழிற்சாலையிலேயே கட்டி, மேலே ஃபிலிம் ஒட்டி அனுப்பிவிடுவார்கள். மோட்டார், இறக்கை, வால் பட்டைகளை அசைக்கும் சர்வோ, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் ஆகியவற்றை நாம் மாட்ட வேண்டும். ஆர்.டி.எஃப். (ரெடி டு ஃப்ளை) என்றால் பெரும்பாலும் அதுவும் மாட்டியே வரும். பளபளப்பில் மயங்க வேண்டாம். உள்ளே பசை ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்பதுதான் விஷயம்.

முதலில் புரொப்பல்லரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். எல்லாம் முடிந்தபின் மாட்டினால் போதும்.

அடுத்து, மோட்டாரைத் தாங்கும் முன்பக்க பிளைவுட் பலகை. இதற்கு பயர்வால் என்று பெயர். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். உள்ளே டார்ச் அடித்து, பலகை உடலோடு சேரும் மூலைகளைப் பாருங்கள். பசை விட்டுவிட்டு இருக்கிறதா? மோட்டாரைப் பிடித்து லேசாகத் திருகினால் 'டக்' என்று சத்தம் வருகிறதா? அப்படியென்றால் 30 நிமிடத்தில் இறுகும் எப்பாக்சி பசையை உள்மூலைகளில் சுற்றிலும் தடவி, பல்சா மரத்தின் முக்கோணக் குச்சி வைத்து ஒட்டி, ஒரு ராத்திரி விடுங்கள். 5 நிமிட எப்பாக்சியை நான் இங்கே நம்புவதில்லை. மோட்டார் திருகுகளுக்கு, அவை தளராமல் பிடிக்கும் த்ரெட்லாக்கர் பசை ஒரு சொட்டு. அது பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும், ஜாக்கிரதை.

அப்புறம் ஹிஞ்சுகள், அதாவது இறக்கையிலும் வாலிலும் அசையும் பட்டைகளைப் பிடித்திருக்கும் கீல்கள். ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். அசைந்தால் தண்ணீர் போல ஓடும் வகை சூப்பர் க்ளூ இரண்டு பக்கமும் சில சொட்டு விடலாம். தெர்மாகோல் விமானத்தில் இதைச் செய்யாதீர்கள், கரைந்துவிடும்.

வாலிலிருந்து பார்த்து இறக்கை முறுக்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். சித்திரை வெயிலில் ஈரோட்டில் காருக்குள் வைத்தால் ஃபிலிம் சுருங்கும், ஃபோம் வளையும்.

எடைமையம் கையேட்டில் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். சாதாரண பயிற்சி விமானத்தில் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள் இருக்கும். மூக்கு சற்று கனத்தால் சமாளிக்கலாம், வால் கனத்தால் விமானம் கைக்கு அடங்காது. பேட்டரியை முன்பின் நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பட்டை) மேலே எழும்ப வேண்டும். ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காத விமானத்தோடு வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. உப்பிய பேட்டரி வேண்டவே வேண்டாம்.

சரி, இடம்? கோவை விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் பக்கம் நினைக்கவே வேண்டாம். மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை மண்டலமா என்று பாருங்கள். அங்கும் 120 மீட்டர்தான் உச்சவரம்பு. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகள் (மேய்ச்சல் நிலங்கள்) நல்ல வெட்டவெளி, ஆனால் தோட்டத்துக்காரரிடம் கேட்டு, மாடு மேயாத நேரத்தில் போங்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புதியவர்களுக்கு ஒத்துவராது. மற்ற மாதங்களில் விடிகாலை நல்லது.

முதல் பறத்தலை மூன்று நிமிடத்தில் முடித்து இறக்கி, எல்லாத் திருகையும் மறுபடி ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.