இரட்டைக் குழிக் கழிவறை: மண்ணுக்கு அடியில் நடக்கும் தவறுகள்

இரட்டைக் குழிக் கழிவறையில் கழிவு ஒரு சமயம் ஒரு குழிக்கு மட்டும் போகும், தண்ணீர் மண்ணில் கசியும், மற்ற குழி மூடி ஓய்வில் கிடக்கும். இந்தக் கிராமத்துக் கழிவறை வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கதவு இழுபடுவதும் டைல்ஸ் கோணலாவதும் கண்ணில் படும். யாராவது சொல்லித் திருத்திவிடுவார்கள். மண் மூடிவிடும் தவறுகள்தான் காசைத் தின்பவை.

இரண்டு குழியையும் திறந்து வைப்பது

எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் நிற்பதில்லை. "ரெண்டும் திறந்திருந்தா சீக்கிரம் ரொம்பாதுல்ல" என்பார் வீட்டுக்காரர். கொத்தனாரும் தலையாட்டிவிட்டு இரண்டு குழிக்கும் பிரியும் ஒரு ஒய் (Y) பைப்பைப் போட்டு மண்ணை மூடிவிடுவார். கழிவை எந்தக் குழிக்கு விடுவது என்று மாற்றும் சேம்பரே (சின்னத் தொட்டி) இருக்காது.

கணக்கைப் பாருங்கள். ஒரு குழி நிறைய 3 வருடம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் திறந்துவிட்டால் 6-வது வருடம் இரண்டும் சேர்ந்து நிறையும். இரண்டிலும் மேலே கிடப்பது நேற்றைய மலம். கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை. ஒவ்வொன்றாகப் பயன்படுத்தினால், இரண்டாவது நிறையும்போது முதல் குழி 3 வருடம் ஓய்வில் கிடந்து நாற்றமில்லாத எருவாகியிருக்கும். அள்ளிவிட்டு மறுபடி அதற்கே திருப்பலாம். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்கதேவிப்பள்ளியில் மத்திய அரசுச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் குழிக்குள் இறங்கி எரு அள்ளிக் காட்டினாரே, அது இப்படி மூடிக் கிடந்த குழி.

எனவே, திறக்கக்கூடிய மூடியுடன் சேம்பர் கட்டாயம். சேம்பரிலிருந்து குழிகளுக்குப் போகும் இரண்டு வாய்களில் ஒன்றை, அரைச் செங்கல்லை வைத்துக் களிமண்ணாலோ சிமெண்ட் குறைந்த கலவையாலோ அடையுங்கள். பின்னால் தட்டினால் பெயர வேண்டும். குழி மாற்றும்போது செய்யும் அரைகுறை வேலை இன்னொன்று: புதிய வாயைத் திறப்பார்கள், பழையதை அடைக்க மாட்டார்கள். அப்போதும் ஓய்வு கிடையாது. மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் மூடியின் உள்பக்கம் பெயிண்டால் எழுதிவையுங்கள். அடைத்த குழியை ஒரு வருடம் ஆகும்முன் தொடக் கூடாது. ஈர மண்ணில் இரண்டு வருடம் விடுவது நல்லது, குடற்புழு முட்டைகள் லேசில் சாகாது.

ஆழம்தான் பெருமை என்று தோண்டுவது

ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு 1 மீட்டர் விட்டமும் சுமார் 1.2 மீட்டர் ஆழமும் போதும். "பத்து உறை (சிமெண்ட் வளையம்) இறக்கியிருக்கேன்" என்பது பெருமையில்லை. அந்த ஆழத்தில் ஊற்று இருந்தால் கழிவு நேராகக் கிணற்றுக்குப் போகிறது. மழைக்கால நீர்மட்டத்துக்கும் குழியின் அடிக்கும் இடையே 2 மீட்டராவது இருக்கட்டும். குடிநீர்க் கிணறு 10 மீட்டர் தள்ளி. இரண்டு குழிகளுக்கும் நடுவே 1 மீட்டர் மண். குறைந்தால் ஓய்வுக் குழிக்குள் பக்கத்து நீர் கசியும்.

உள்ளே பூசுவது

குழியின் உள்சுவரில் சிமெண்ட் பூசினால் தண்ணீர் மண்ணில் கசியாது; அது குழியில்லை, தொட்டி. செங்கல்லை இடைவெளி விட்டுக் கட்டுங்கள். பைப் நுழையும் மேல்பகுதி மட்டும் இடைவெளியின்றி. அடியில் கான்கிரீட் கூடாது.

டவுன் பீங்கான்

டவுன் வீடுகளில் போடும் கழிவறைப் பீங்கானுக்குச் சரிவு குறைவு, வாளித் தண்ணீர் கேட்கும். குடத்தில் தண்ணீர் சுமக்கும் வீட்டில் யார் ஊற்றுவார்கள்? சரிவு அதிகமுள்ள கிராமத்துப் பீங்கானும் 20 மில்லிமீட்டர் நீர் நிற்கும் டிராப்பும் (பீங்கானுக்கு அடியில் நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாய்) இருந்தால் ஒன்றரை, இரண்டு லிட்டர் போதும்.

குளியல் தண்ணீர்

குழிக்கு விடாதீர்கள். வாழைக்கு விடுங்கள்.

வென்ட் பைப்

குழியிலிருந்து வாயு போக மேலே வைக்கும் இந்தக் குழாய் வேண்டாம். வாயுவை மண்ணே இழுத்துக்கொள்ளும்.