விமர்சனக் காணொளியைப் பார்த்துப் பொருள் வாங்குவதற்கு முன்

ஒரு பொருளைப் பற்றிய காணொளியைத் திறப்பதற்கு முன்பே, அது எதற்குத் தேவை, எவ்வளவு செலவழிக்கலாம், எந்த வசதி இல்லாவிட்டால் வாங்க மாட்டோம் என்பவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பார்த்த பிறகு எழுதினால், விமர்சகர் வியந்து பேசிய வசதிகளே நம் தேவைகளாகப் பட்டியலில் ஏறிவிடும்.

பேசுபவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்வதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நிறுவனத்திடம் பணம் பெற்று எடுத்த காணொளியாக இருந்தால், யூடியூபில் அதன் தொடக்கத்தில் ஒரு சிறு குறிப்பு தோன்றும். ஆனால் அதை வெளிப்படுத்துவது காணொளியை வெளியிடுபவரின் பொறுப்பு என்பதால், குறிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து அது விளம்பரமல்ல என்று முடிவு செய்துவிட முடியாது. கீழே தரப்படும் கடை இணைப்புகளில் பலவும், அவற்றின் வழியே நாம் வாங்கினால் பேசியவருக்குக் கமிஷன் சேரும்படி அமைந்தவை. அமேசான் 1996-லேயே இம்முறையைத் தொடங்கிவிட்டது. கமிஷன் பெறுபவர் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. ஆயினும் குறைகளை மென்மையாகச் சொல்லவும், சில வேளைகளில் சொல்லாமலே விடவும் அது ஒருவரைத் தூண்டக்கூடும். ஆகவே, "இது யாருக்குப் பொருந்தாது?" என்ற கேள்விக்குத் தெளிவாக விடை தரும் விமர்சகரையே நம்புங்கள்.

பொருள் சந்தைக்கு வரும் நாளிலேயே வெளியாகும் காணொளிகள் பெரும்பாலும் சில நாள் பயன்பாட்டைக் கொண்டே எடுக்கப்படுகின்றன. பேட்டரி எவ்வளவு காலம் தாங்கும், பழுதானால் உதிரிபாகம் கிடைக்குமா என்பவற்றுக்கு அவற்றில் விடை இராது. அதற்குப் பொருளின் பெயரோடு "பழுது" என்றோ "ஆறு மாதங்களுக்குப் பிறகு" என்றோ சேர்த்துத் தேட வேண்டும். யூடியூப் 2021-இல் எதிர்வாக்குகளின் (டிஸ்லைக்) எண்ணிக்கையைப் பொதுப்பார்வையிலிருந்து நீக்கிவிட்டதால், பின்னூட்டங்களைப் புதியவை முதலாக வரிசைப்படுத்திப் படிப்பதும் அவசியம்.

ஒருமுறை தேடிய பொருளின் விளம்பரம் போகுமிடமெல்லாம் பின்தொடர்வது தற்செயலன்று. ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்பதே அதன்மீது விருப்பத்தை வளர்க்கும் என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-இல் எழுதினார். ஆசை மிகும்போது உடனே பணம் செலுத்தாமல், தேடல் வரலாற்றை அழித்துவிட்டுச் சில நாட்கள் பொறுத்திருங்கள். அதன் பிறகும் தேவை மாறவில்லையெனில், முதலில் எழுதிய பட்டியலோடு பொருளை ஒப்பிட்டு, உத்தரவாதத்தையும் திருப்பித் தரும் விதிகளையும் படித்துவிட்டு வாங்குங்கள்.