மெனோபாஸ்: டாக்டரிடம் போகும் முன் ஒரு நோட்டு போடுங்கள்

45 வயதைத் தாண்டி, மாதவிலக்கு நிற்கும் காலம் (மெனோபாஸ்) நெருங்கினால் திடீரென முகம், கழுத்தெல்லாம் அனல் அடிக்கும். நடுராத்திரியில் நைட்டி நனைய வியர்க்கும். டாக்டர் கேட்கும்போது மட்டும் "அடிக்கடி வருது" என்பதோடு நின்றுவிடுவோம். அதனால் ஒரு மாதத்துக்குத் தினசரி காலண்டர் தாளிலேயே குறித்து வையுங்கள்: எத்தனை முறை அனல், தூக்கம் எப்படி, மாதவிலக்கு எந்தத் தேதியில் வந்தது. இந்த வயதில் இருக்கும் தோழிகள் சேர்ந்து குறித்தால் யாரும் பாதியில் விடமாட்டார்கள். கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லாத பிறப்புறுப்பு வறட்சிகூட அப்போதுதான் பேச்சில் வரும். அதற்குத் தனியாக ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த க்ரீம் இருக்கிறது, நன்றாகவே கேட்கும்.

அனுபவத்தைப் பகிரலாம், இந்தத் தொந்தரவுகளுக்கு டாக்டர் தரும் ஹார்மோன் மாத்திரையைப் பகிரவே கூடாது. கர்ப்பப்பை எடுத்தவருக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். கர்ப்பப்பை இருப்பவர் அதை மட்டும் சாப்பிட்டால் உள்சுவர் தடித்துப் புற்றுநோய் அபாயம் கூடும். புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோனையும் சேர்த்தே ஆகவேண்டும். மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டியோ வந்திருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ஹார்மோன் இல்லாத மருந்துகளும் உண்டு. மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பேட்ச், தடவும் ஜெல் ஆகியவற்றில் ரத்தக்கட்டி அபாயம் குறைவு என்பதால், அது நமக்குச் சரிவருமா என்று கேட்பதில் தப்பில்லை. பொதுவாக 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று 10 ஆண்டுகளுக்குள் ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்குவது நல்லது.

அப்புறம், மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு துளி ரத்தம் பட்டாலும் சரி, "சூடு" என்று வெந்தயம் ஊறவைக்காமல் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.