பழைய கதவும் காஸ்டிக் வாளியும்: பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கத்துப் பழம்பொருள் பட்டறைகளில் ஆசிட் கேனைக் கண்டால் புதிதாகச் சேர்ந்த பையன்கூட இரண்டடி தள்ளி நிற்பான். காஸ்டிக் சோடா என்ற கடும் காரம் இருக்கும் வாளிக்கு அந்த மரியாதை கிடையாது. பர்மாத் தேக்குக் கதவில் பூச்சுமேல் பூச்சாக ஏறிக் கிடக்கும் பெயிண்டை உரிப்பது அதுதான். கையில் பட்டால் முதலில் சோப்பு மாதிரி வழவழவென்று இருக்கும். எரிச்சல் தெரிவதற்குள் தோல் வெந்துவிடும்.

கரைக்கும்போதே தவறு தொடங்குகிறது. காஸ்டிக்கைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் சூடேறி முகத்தில் தெறிக்கும். குளிர்ந்த தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். அலுமினியச் சட்டி வேண்டவே வேண்டாம். அதில் ஹைட்ரஜன் கிளம்பும், பக்கத்தில் ஒரு பீடி போதும். ரப்பர் கையுறையும் பக்கம் மூடிய கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் பட்டுவிட்டால் வினிகர், எலுமிச்சை என்று தேடாதீர்கள். குழாயடியில் இமையைத் திறந்து பிடித்து 30 நிமிடமாவது கழுவிவிட்டு, அப்புறம் நேரே ஆஸ்பத்திரி.

நைட்ரிக் ஆசிட் விஷயம் வேறு. பித்தளைச் சாமானை அதில் முக்கினால் செம்பழுப்புப் புகை வரும். "லேசான இருமல்தான்" என்று வீட்டுக்குப் போனவருக்கு ராத்திரி மூச்சுத் திணறலாம்; நுரையீரலில் நீர் கோத்தது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். துணி மாஸ்க் இந்தப் புகையைத் தடுக்காது. சிந்திய நைட்ரிக் மேல் மரத்தூளை அள்ளிப் போடுகிறார்கள், கைக்கு எட்டுவது அதுதானே. அது தீப்பிடிக்கும். உலர்ந்த மணலைப் போடுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியையும் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், அது தானாகவே சூடேறிப் பற்றும்.

எனக்குப் பெரிய கவலை, பெயிண்ட் உரித்த தண்ணீர். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் ஈயம் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஈயம் வாளித் தண்ணீரில் வந்து நிற்கிறது. வாசல் வாய்க்காலில் ஊற்றினால் மழையோடு ஊருணிக்குத்தான் போகும். ஆசிட் ஊற்றிக் காரத்தைச் சரிக்கட்டலாம் என்பார்கள். ஈயம் எங்கும் போகாது, கொதித்துத் தெறிப்பதுதான் மிச்சம்.

அந்தத் தண்ணீரையும் அடிக்கசடையும் மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் சேர்த்து, என்ன, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டுங்கள். 2016 அபாயகரக் கழிவு விதிகள்படி இத்தகைய கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். சின்னப் பட்டறைக்கு இது தனியாகக் கட்டுப்படியாகாது என்பது உண்மை. நாலைந்து பேர் சேர்ந்து வாரிய அலுவலகத்தில் கேட்டு ஏற்பாடு செய்வதுதான் வழி. காலி ஆசிட் கேன்களையும் அதோடு அனுப்புங்கள். கழுவித் தண்ணீர் பிடிக்க வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.