இரட்சிப்பின் நிச்சயத்தை எங்கே தேடுவது?

"நீங்கள் எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல், தாம் தேவனுடைய பிள்ளைதானா என்று உள்ளுக்குள் கலங்குகிற விசுவாசிகள் நம் சபைகளில் பலர் உண்டு. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, நினைவு தெரிந்த நாள் முதல் ஜெபித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கலக்கம் இன்னும் அதிகம். தீமோத்தேயுவும் சிறுவயது முதல் வேத எழுத்துகளை அறிந்து வளர்ந்தவரே. அவர் மனந்திரும்பிய தேதியை வேதம் எங்கும் குறிக்கவில்லை. ஆகையால் தேதியைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிட்டு, இன்று நான் கிறிஸ்துவை நம்பியிருக்கிறேனா என்று கேளுங்கள்.

அடுத்து, உணர்விலிருந்து தொடங்காமல் வாக்குத்தத்தத்திலிருந்து தொடங்குங்கள். "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்ற யோவான் 6:37ஐ ஒரு வாரம் முழுவதும் தினமும் காலையில் வாய்விட்டு வாசித்து, "ஆண்டவரே, நான் வந்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். தகுதியோடு வருகிறவன் என்றோ கண்ணீரோடு வருகிறவன் என்றோ அங்கே எழுதப்படவில்லை. இந்த ஒரு வசனத்தில் நிலைத்து நிற்பது, பத்து வசனங்களை அவசரமாக வாசிப்பதைவிட அதிகப் பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதன்பின் யோவானின் முதலாம் நிருபத்தை ஒரே அமர்வில் வாசியுங்கள். நித்தியஜீவன் உண்டென்று விசுவாசிகள் அறியும்படி எழுதப்பட்ட நிருபம் அது. அதை வாசிக்கையில், பாவமே செய்யாதிருக்கிறேனா என்று உங்களை அளக்காமல், செய்த பாவம் என்னை வருத்துகிறதா, பேச்சு நின்றுபோன சகோதரனோடு ஒப்புரவாக மனம் வருகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையை நாள்தோறும் செய்ய வேண்டாம். ஓயாமல் தன்னையே தோண்டுகிறவனின் கண் கிறிஸ்துவை விட்டு விலகிவிடும்.

தேவபிரசன்னத்தை உணர, தினமும் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசித்து, பின்பு எதையும் கேட்காமல் அமர்ந்திருங்கள். குரல் கேட்க வேண்டும், உடல் சிலிர்க்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாம் தேவனுடைய பிள்ளைகள் என்று ஆவியானவர் நம்முடைய ஆவியுடனேகூடச் சாட்சிகொடுக்கிறார் என்று சொல்லும் ரோமர் 8, அதற்கு முந்தின வசனத்திலேயே "அப்பா பிதாவே" என்ற கூப்பிடுதலைக் குறிப்பிடுகிறது. தவறிய வேளையிலும் ஓடி ஒளியாமல் அவரைத் தகப்பனே என்று அழைக்க உங்களுக்குத் தைரியம் வருமானால், அந்தச் சாட்சி உங்களுக்குள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அனுபவம் இங்கே பெரிதும் உதவும். 1738ஆம் ஆண்டு மே 24 அன்று மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு அவர் விருப்பமின்றியே சென்றார். அங்கே ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கையில், ஏறக்குறைய எட்டே முக்கால் மணிக்கு, தம் இருதயம் அனல்கொண்டதை அவர் உணர்ந்தார். இந்தப் பகுதியைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருப்போம். அதற்குப் பின் நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. இது விசுவாசமாக இருந்தால் உன் சந்தோஷம் எங்கே என்ற சோதனை சற்று நேரத்தில் அவரைத் தாக்கியது. வீடு திரும்பிய பின்னும் சோதனைகள் ஓயவில்லை. சமாதானமும் பாவத்தின்மேல் வெற்றியும் விசுவாசத்தோடு சேர்ந்தவை, பொங்கும் மகிழ்ச்சியையோ தேவன் தம் சித்தப்படி சில வேளை தருகிறார், சில வேளை தராமல் வைக்கிறார் என்று அன்றே அவர் கற்றுக்கொண்டதாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். உபவாசக் கூட்டத்தில் பொங்கிய உணர்வு திங்கட்கிழமை காலையில் இல்லாதபோது இதை நினைவில் கொள்ளுங்கள்.

வறட்சி நீடித்தால், அறிக்கையிடாத பாவம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அன்றே அறிக்கையிடுங்கள். தூக்கமின்மையும் துக்கமும் நோயும்கூட உள்ளத்தை மரத்துப்போகச் செய்யும். அப்போது ஓய்வும் மருத்துவரும் தேவை, அது அவிசுவாசம் அல்ல. உங்கள் போதகரிடமோ, முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். உணர்வு இல்லை என்பதற்காகத் திருவிருந்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஜெபிக்கச் சொற்களே வராத இரவில் 88ஆம் சங்கீதத்தைத் திறந்து, அதைப் பாடிய ஏமானின் சொற்களையே உங்கள் ஜெபமாக்குங்கள். ஆறுதல் எதுவும் வராமலே முடிகிற அந்தச் சங்கீதமும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது.