தத்துக் குழந்தை வரும் வீட்டில் நாய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் போன்ற பகுதிகளில் நம்மவர் பலர் நாய் வளர்ப்பதே காவலுக்குத்தான். வெளிக்கதவருகே புதியவர் யார் வந்தாலும் குரைக்க வேண்டும் என்று பழக்கிவிட்டு, தத்தெடுத்த குழந்தையும் அதே கதவின் வழியே புதியவராகத்தான் நுழைகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

பிரசவம் நடந்த வீட்டுக்கான அறிவுரைகள் இங்கே முழுமையாகப் பொருந்தா. தத்துக் குழந்தை முதல் நாளிலேயே ஓடியாடும் வயதில் வரலாம். முன்பு நாயிடம் கடிபட்ட பிள்ளையாகவும் இருக்கலாம். இதைச் சமூகப் பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். நாய் இருப்பது தெரிந்தால் மறுத்துவிடுவார்களோ என்று அஞ்சி, வீட்டைப் பார்வையிட வரும் நாளில் அதைப் பக்கத்து வீட்டில் கட்டிவைப்பது அறவே கூடாது.

தத்துக் குழந்தை இருக்கிறது என்று அழைப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் தவறானதே. நாட்டின் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, தத்தெடுக்க விரும்புவோரின் பதிவு 3 ஆண்டுகள் செல்லுபடியாகும். அதற்குள் எந்த நாளிலும் அழைப்பு வரலாம். கூடத்தில் படுத்துப் பழகிய நாயைக் குழந்தை வந்த அன்றே கொல்லைக்கு விரட்டினால், அந்த இழப்பைக் குழந்தையோடு சேர்த்தே அது மனத்தில் பதித்துக்கொள்ளும். ஆகவே படுக்கும் இடம், உண்ணும் இடம், அறை வாசலில் தடுப்பு ஆகிய மாற்றங்களைப் பல வாரங்களுக்கு முன்பே செய்துவிடுங்கள். டர்பன் அமைந்துள்ள குவாசூலு-நட்டால் மாகாணத்தில் ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய் இன்னும் ஒழியவில்லை; நாய்க்குத் தடுப்பூசி போடுவது சட்டப்படி கட்டாயம். நாய் கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மிகப் பெரிய தவறு முதல் சந்திப்பில்தான் நடக்கிறது. குழந்தையைப் பார்க்க உறவினர் திரண்டிருக்க, பிரியாணி மணம் வீடெங்கும் பரவியிருக்க, மாமா ஒருவர் "தொட்டுப் பாரும்மா, ஒண்ணும் செய்யாது" என்று பிள்ளையின் கையைப் பிடித்து நாயின் தலையில் வைக்கிறார். நாயோ முகத்தைத் திருப்புகிறது, உதட்டை நக்குகிறது, கொட்டாவி விடுகிறது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கிறது, உடல் விறைத்து நிற்கிறது. வால் ஆடுவதால் மட்டும் மகிழ்ச்சி என்று கொள்ளலாகாது. அது உறுமினால் அடிக்காதீர்கள். உறுமியதற்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். கூட்டம் கலைந்த பின், நாயின் கழுத்து வாரைப் பெரியவர் ஒருவர் பிடித்திருக்க, குழந்தை உட்கார்ந்திருக்க, நாய் தானாக நெருங்கும்வரை காத்திருப்பதே முறை. குழந்தை மறுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். எவ்வளவு சாதுவான நாயானாலும், இருவரையும் ஒரு நிமிடங்கூடத் தனியே விடாதீர்கள்.

பலர் எதிர்பாராத ஒன்றும் உண்டு. பசியை அறிந்து வளர்ந்த பிள்ளைகள் சிலர் ரொட்டித் துண்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பார்கள். நாய் அதை மோப்பம் பிடித்துவிடும். பிள்ளை பிடுங்கப் போகும். கடி விழுவது இத்தகைய தருணத்தில்தான். பிள்ளையைக் கண்டிக்காமல், நாய்க்கு எட்டாத உயரத்தில் மூடியுள்ள டப்பா ஒன்றை அதற்கெனத் தந்துவிடலாம்.

நாயைக் கொண்டுபோய் விட்டுவிடுவோம் என்று பிள்ளையின் காதுபட, விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே இடம் மாறி வந்த பிள்ளை, அடுத்தது தன் முறை என்று எண்ணிக்கொள்ளும். பிரித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், முதலில் நாயின் நடத்தை குறித்துக் கால்நடை மருத்துவரிடமும், பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று சமூகப் பணியாளரிடமும் பேசிய பின்னரே முடிவெடுங்கள்.